முயலின் சிறுநீர்ப்பையில் கல்: மருந்தா, அறுவையா, எந்த ஊருக்குப் போவது?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து இருவர், ஊத்தங்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. மூன்று மாதத்தில் இந்த நாலு பேரும் என்னிடம் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி. முயல் முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கிறது, டாக்டர் கல் என்கிறார், ஆபரேஷன் செய்யலாமா, செய்தால் எங்கே? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு இரண்டு வருடம் முன்னால் நானும் அலைந்தவன். எங்கள் வீட்டு முயல் கருப்பட்டிக்கு அப்போது ஐந்து வயது. நிறத்தால் வந்த பெயர்.

எந்த வழி நல்லது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது, முயல் எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கல்தானா என்பதை முதலில் பாருங்கள்

முயலின் சிறுநீர் இயல்பிலேயே கலங்கலாக இருக்கும். மற்ற பெரும்பாலான விலங்குகள் தேவையான அளவு கால்சியத்தை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொள்ளும். முயலோ தின்றதில் உள்ளதற்கு ஏற்ப உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். மற்ற விலங்குகளில் சிறுநீர் வழியாக வெளியேறும் கால்சியம் 2 சதவீதத்துக்கும் கீழே. முயலில் அது 45 முதல் 60 சதவீதம். ஆகவே தரையில் காய்ந்த சிறுநீர் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அதுவே நோய் என்று பயப்பட வேண்டாம்.

சிவப்பும் அப்படித்தான். சில கீரை, சில தழை தின்றால் நிறமிகள் வெளியேறி சிறுநீர் ஆரஞ்சு, செங்கல் நிறம் வரை போகும். அது ரத்தமா என்று, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஒரு சாதாரண பட்டைச் சோதனையில் தெரிந்துவிடும். பெண் முயலுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. நாலு வயது தாண்டிய, கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணம். அந்த ரத்தமும் சிறுநீரோடுதான் வரும். சிறுநீர்ப்பைக் கல் என்று நினைத்துக்கொண்டு வந்த ஓசூர் முயல்களில் ஒன்றுக்கு ஸ்கேனில் கருப்பைக் கட்டி தெரிந்தது. அதற்கு இந்தக் கட்டுரையில் வேலையில்லை, கருப்பையை எடுப்பதுதான் வைத்தியம்.

உண்மையான பிரச்சினை இருந்தால் முதுகைக் கூனி நீண்ட நேரம் உட்காரும், சொட்டுச் சொட்டாக விடும், பின்னங்கால்களுக்கு நடுவே ரோமம் நனைந்து தோல் வெந்திருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், தீனி குறையும். கால்சியம் கல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ரே இல்லாமல் யாராவது "கல்தான்" என்றால் அடுத்த வார்த்தையைக் கேட்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். ஒன்று, உள்ளே இருப்பது சேறா, கல்லா, அது எந்த இடத்தில். இரண்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். மூன்று, மயக்க மருந்து கொடுப்பவருக்கு முயல் பழக்கமா. நான்கு, பயணம். ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் பத்து நாள் வீட்டில் யார் பார்ப்பது.

பணம் ஆறாவது இல்லையா என்று கேட்பீர்கள். இந்த ஐந்துமே பணம்தான், வேறு வேறு பில்லில் வரும்.

வழி 1: மருந்து, தண்ணீர், கழுவல்

எக்ஸ்ரேயில் தனிக் கல்லாகத் தெரியாமல் சிறுநீர்ப்பை முழுக்க வெள்ளையாக நிரம்பியிருந்தால் அது சேறு. சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் தங்குகிற மாதிரி குழகுழவென்று இருக்கும். இதற்குக் கத்தி எடுக்கத் தேவையில்லை. தோலுக்கு அடியிலோ நரம்பிலோ திரவம் ஏற்றி, வலி மருந்து கொடுத்து, லேசான மயக்கத்தில் மெல்லிய குழாய் செலுத்தி வெதுவெதுப்பான உப்புநீரால் சிறுநீர்ப்பையைக் கழுவுவார்கள். ஒரே தடவையில் தீராது. இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும்.

இதில் மறைந்திருக்கும் செலவு அந்தத் திரும்பத் திரும்பப் போவதுதான். இன்னொன்று, சேறு சேர்ந்ததற்குக் காரணம் தேட வேண்டும். குண்டாகிவிட்ட முயல், சின்னக் கூண்டில் நாளெல்லாம் கிடக்கும் முயல், முதுகெலும்பு வலியால் சரியாகக் குந்த முடியாத முயல் சிறுநீரை முழுதாக வெளியேற்றாது. காரணத்தை விட்டுவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தால் மாதாமாதம் கழுவ வேண்டியதுதான்.

கல்லுக்கு இந்த வழி பலிக்காது. எங்களுக்கு ஆறு வாரம் போனது இங்கேதான். முதலில் காட்டிய இடத்தில் கல்லைக் கரைக்கும் என்று ஒரு மருந்து எழுதினார்கள். வீட்டில் அம்மா தன் பங்குக்கு வாழைத்தண்டுச் சாறு பிழிந்தார். இரண்டாம் எக்ஸ்ரேயில் கல் பெரிதாகியிருந்தது. முயலின் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பூனைக்கு வரும் சில வகைக் கற்களைத் தனித் தீனியால் கரைக்க முடியும். தழை தின்னும் முயலின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது, அதை அமிலமாக்கிக் கல்லைக் கரைப்பது நடக்காது. வாழைத்தண்டு, நெருஞ்சில், சிறுபீளை எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். மறுத்துப் பேசிச் சண்டை வேண்டாம், அந்தச் சாற்றை நாமே குடித்துவிடலாம்.

வழி 2: பக்கத்து ஊரிலேயே அறுவை

சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்றால் கல்லை எடுப்பதுதான் வழி. வேலை என்னவோ புரிந்துகொள்ள எளிது. அடிவயிற்றின் நடுவில் ரோமம் மழித்துத் திறந்து, சிறுநீர்ப்பையை வெளியே எடுத்து ஈரத் துணியில் வைத்து, சிறிதாகக் கீறிக் கல்லை எடுப்பார்கள். பிறகு சிறுநீர்க்குழாய் வரைக்கும் கழுவி, பொடி எதுவும் தங்கவில்லை என்று பார்த்து, கரையும் மெல்லிய நூலால் தைப்பார்கள். முடிந்ததும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால்தான் எல்லாம் வந்துவிட்டது என்பது உறுதி. பெண் முயலுக்குச் சிறுநீர்க்குழாய் கொஞ்சம் அகலம் என்பதால் சின்னக் கல்லைச் சில நேரம் மயக்கத்தில் வைத்துக் கீறாமலேயே வெளியே கொண்டுவந்துவிடுவார்கள்.

கஷ்டம் கீறலில் இல்லை, மயக்கத்தில். பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான முயல்களில் இறந்தவை 0.73 சதவீதம், ஏற்கெனவே நோயுற்றவற்றில் 7.37 சதவீதம். அதே ஆய்வில் நாய்களுக்கு, எல்லா நிலையும் சேர்த்தே, 0.17 சதவீதம்தான். நாய்க்குத் தினமும் கருத்தடை செய்யும் டாக்டர் முயலைக் கையில் எடுத்தால் ஏன் யோசிக்கிறார் என்பது இதில் புரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கால்நடை மருத்துவர் என்றால் மாடு, ஆடு, கோழி. அது அவர்கள் குறை இல்லை, வருகிற நோயாளி அப்படி. நான் இரண்டாவதாகப் போனவர் நேராகவே சொல்லிவிட்டார்: "மாடுன்னா சொல்லுங்க சார், ராத்திரி ரெண்டு மணிக்கும் வர்றேன். முயலுக்கு மயக்கம் கொடுத்து எனக்குப் பழக்கம் இல்ல." இப்படிச் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் ஊசி போட, திரவம் ஏற்ற, தையல் பார்க்க அவர்தான் வேண்டும். கருப்பட்டி முழுசாகத் தேறும் வரை பார்த்துக்கொண்டது அவர்தான்.

செய்கிறேன் என்று சொல்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முயலுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறீர்கள்? ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போட வேண்டுமா? பிறகு எந்த ஆன்டிபயாட்டிக்? இரண்டாவது கேள்விக்கு "ஆமா, பன்னிரண்டு மணி நேரம் ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, நாய்க்குப் போடுகிற பட்டினி அதற்கு வேண்டியதில்லை. மாறாக, பட்டினியால் குடல் நின்றுபோனால் அதுவே உயிருக்கு ஆபத்து. மூன்றாவது கேள்விக்கு வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் என்று வந்தாலும் அப்படியே. இவை முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து விஷக் கிருமிகளை வளரவிடும். நல்ல ஆபரேஷனுக்குப் பிறகு தப்பான மாத்திரையால் செத்துப்போன முயல்கள் உண்டு.

பக்கத்திலேயே செய்வதன் லாபம் பயணம் இல்லாதது. ஒரு சூழ்நிலையில் அந்த லாபம் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். கல் சிறுநீர்க்குழாயில் சிக்கிச் சொட்டுகூட வரவில்லை, வயிறு உப்பி இறுகிக் கிடக்கிறது என்றால் பெங்களூர் பற்றி யோசிக்காதீர்கள். ஆண் முயலுக்கே இது அதிகம். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் ஓடுங்கள். குழாய் வைத்துக் கல்லைப் பைக்குள் திருப்பித் தள்ளவோ, ஊசியால் சிறுநீரை இறக்கவோ முடிந்தால் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். அந்த ஒரு நாளில் பெரிய இடத்தை யோசிக்கலாம்.

வழி 3: கால்நடைக் கல்லூரி மருத்துவமனை

நமக்கு எட்டுகிற தூரத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தலைவாசலிலும் கல்லூரி வந்துவிட்டது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய பழைய கல்லூரி. தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் சுமார் 115 கிலோமீட்டர், தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் தாண்டிப் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல்.

கட்டணம் குறைவு, எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில், கேள்வி கேட்கத் தயங்காத இளம் மருத்துவர்கள். இது நல்ல பக்கம். அடுத்த பக்கம், வரிசை. நாயும் ஆடும் கூட்டமாக நிற்கும் இடத்தில் முயல் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பயத்திலேயே தீனியை நிறுத்திவிடும். ஒரு நாளில் முடியாது. முதல் நாள் பரிசோதனை, இன்னொரு நாள் ஆபரேஷன், பிறகு தையல் பார்க்க. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நாள் கூலி, ஒருவருக்கு அல்ல, பெட்டியைப் பிடிக்கவும் சீட்டு வாங்கவும் இரண்டு பேருக்கு. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: முயலுக்கு அறுவை செய்பவர் எந்தக் கிழமையில் இருப்பார்?

கல் சிறுநீரகத்திலோ அதிலிருந்து இறங்கும் குழாயிலோ இருந்தால் என் யோசனையில் வேறு இடமே கிடையாது, இதுபோன்ற பெரிய இடம்தான். ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிவரலாம். அதைத் தனியாக ஒரு டாக்டர், ஒரு உதவியாளர் வைத்துச் செய்யும் இடத்தில் ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

வழி 4: பெங்களூர்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர். ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். கிளி, ஆமை, முயல் என்று இவற்றையே பார்க்கும் தனியார் மருத்துவர்கள் அங்கே கிடைப்பார்கள். ஹெப்பாளில் அரசுக் கால்நடைக் கல்லூரியும் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேசினாலும் சமாளிக்கலாம்.

நான் இந்த வழியில்தான் போனேன். தூரத்தை நம்பி ஏமாந்தேன். அத்திப்பள்ளி வரை வந்ததற்கும் அங்கிருந்து ஊருக்குள் போய்ச் சேர்ந்ததற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெப்பாள் என்றால் நகரத்தின் அந்தக் கோடி, இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் முயல் பெட்டியோடு ஏற மனம் இல்லை, ஆகவே டாக்ஸி. எங்கள் கணக்கில் டாக்ஸி வாடகை மூன்று நடைக்குச் சேர்ந்து ஆபரேஷன் பில்லைத் தொட்டுவிட்டது. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழி ரயில் உண்டு, காலை நேரம் ஒத்துவந்தால் அது நல்ல யோசனை.

வெயிலை மறக்க வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் முயல் தவிக்கும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். பெட்டிக்குள் துணி சுற்றிய ஐஸ் பாட்டில், கைநிறைய ஈரப் புல்.

இந்த வழியின் பெரிய லாபம் ஒன்றே, அதுவே போதும்: மயக்கம் கொடுப்பவருக்கு முயல் தெரியும். கருப்பட்டி கண் விழித்து மூன்று மணி நேரத்தில் கொத்துமல்லித் தழையைக் கடித்தான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இனிமே கவலைப்படாதீங்க" என்றார். நான் கவலைப்பட்டேன், அது வேறு.

ஒரே பார்வையில்

| | எப்போது சரி | எங்கே காசு கசியும் |
|---|---|---|
| மருந்து, கழுவல் | சேறு மட்டும், கல் இல்லை | திரும்பத் திரும்பப் போவது, கரையாத கல்லுக்குக் கழியும் வாரங்கள் |
| பக்கத்து ஊர் அறுவை | முயல் பழகிய டாக்டர் இருந்தால்; சிறுநீர் அடைத்துவிட்டால் முதலுதவிக்கு | மயக்க ஆபத்து, தப்பான மருந்து |
| கால்நடைக் கல்லூரி | சிறுநீரகக் கல், சிக்கலான நிலை, கையில் காசு குறைவு | இருவருக்குப் பல நாள் கூலி, காத்திருப்பு |
| பெங்களூர் | ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம், சிறுநீர்ப்பைக் கல் | டாக்ஸி, மறுபரிசோதனைக்கு மறுபடி பயணம் |

வழி 5: போதும் என்று நிறுத்துவது

இதை எழுதாமல் விட்டால் நேர்மையில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தால், எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தால், கல்லை எடுத்தும் பயனில்லை. வலி மருந்தோடு சில நாள், பிறகு மருத்துவர் கையால் நிம்மதியான முடிவு. அதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் என் மாமா சொன்ன காரணத்துக்காக வேண்டாம். "அந்தக் காசுக்கு இருபது முயல் வாங்கலாமே மாப்ளே" என்றார். கணக்கு சரிதான் மாமா, இருபதில் ஒன்றுகூட நான் கூப்பிட்டால் ஓடி வந்து முழங்காலில் தாவாது.

பத்து நாளும், அதற்கப்புறமும்

எந்த வழியில் அறுவை செய்தாலும் வீட்டுக்கு வந்தபின் வேலை ஒன்றே. தீனி தின்கிறதா, புழுக்கை போடுகிறதா. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புல்லரைத்த கூழைச் சிரிஞ்சில் ஊட்டப் பழகிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் வரும். வலி மருந்தை "நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். வலிக்கிற முயல் தின்னாது.

கல் திரும்ப வரும் பழக்கம் உடையது. தீனியில்தான் பிடிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் பட்டுப்புழுவுக்காக மல்பெரி எங்கும் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற தழை, அதில் கால்சியம் தாராளம். அகத்தி, முருங்கை, குதிரை மசால் என்னும் தீவனத் தழை எல்லாம் அப்படியே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் அகத்திக் கீரையில் 1130 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக் கீரையில் 440, முட்டைக்கோசில் 39. எங்களுக்குக் கல் வந்த கதை இந்த அகத்தியில்தான் ஆரம்பம். கொல்லையில் மரம் இருந்தது, தினமும் ஒரு கொத்து.

போர் தண்ணீர்தான் காரணமா என்று நாலு பேருமே கேட்டார்கள். தர்மபுரித் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவு வருகிற ஊர், சந்தேகம் நியாயம். கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடினமான தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ முயல் ஒரு நாளில் 200 மில்லி குடித்தால் 30 மில்லிகிராம். 50 கிராம் அகத்தியில் 565. ஒகேனக்கல் தண்ணீர் கிடைத்தால் கொடுங்கள், கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். எந்தத் தண்ணீரானாலும் நிறையக் குடிக்க வேண்டும் என்பதே முக்கியம். தொங்கும் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும்.

அதற்காகக் கால்சியத்தை அடியோடு அறுத்துவிடவும் கூடாது. பல்லும் எலும்பும் அதில்தான். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், காய்ந்த புல் இவை வயிறு நிறைய, தழை கொஞ்சம், பண்ணை முயலைக் கொழுக்க வைக்கும் தீவனக் குச்சி வயது வந்த வீட்டு முயலுக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். ஓட இடம் கொடுங்கள்.

எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வகை என்று சோதிக்க உதவும். எங்களுடையது கொண்டைக்கடலை அளவு, மருந்து டப்பாவில் ஜன்னலோரம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. போன மாதம் எடுத்ததில் பை சுத்தமாக இருந்தது. அகத்தி மரம் இன்னும் நிற்கிறது, இப்போது அதைப் பக்கத்து வீட்டு ஆடு தின்கிறது.